நானூறு சட்டைகள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், இரண்டு பேருக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் கடிதம். ஆறு வருஷமாக நமக்குள் பேச்சில்லை என்பதும் ஒரு காரணம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சிட்டு தன் படைப்பிரிவின் செய்தி இதழை எனக்கு அனுப்பியிருந்தாள். உனக்கும் அனுப்பியிருப்பாள். ஏழாம் பக்கத்தில் நம் பெண்ணின் படம் (உன் பெண் என்று திருத்திப் படித்துக்கொள்). தொப்பிக்குள் முடி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. நான் தலைவாரிவிட்ட காலத்தில் அந்த முடி என் பேச்சைக் கேட்டதே கிடையாது.

விஷயத்தை நான்கு தரம் படித்தேன். அவர்கள் கொட்டகையில் பாராசூட் மடிக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பை, பைக்குள் ஆறு கருவி. மடித்து முடித்ததும் ஆறும் இருக்கிறதா என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று அறுபத்திரண்டு பாராசூட் தயார், விமானம் தயார், வெளியிலிருந்து பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் பையில் ஐந்துதான். கயிறு இழுக்கிற சின்னக் கொக்கி இல்லை. "எதுக்குள்ள விழுந்துச்சுன்னு தெரியல சார், எல்லாத்தையும் பிரிக்கணும். தப்பு என்னோடது" என்று நேரே போய்ச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் கடுகடுத்திருக்கிறார்கள். விடவில்லை. நாற்பத்தொன்றாவது பாராசூட்டில், கயிறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இருந்ததாம். அதைக் கட்டிக்கொண்டு குதிக்க இருந்த பையனின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். பல் தெரியச் சிரிக்கிறான்.

எனக்குப் பெருமையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் துணி அறையில் எல்லாருக்கும் காட்டினேன். அப்புறம்தான் கடைசிப் பத்தி. "இவ்வளவு நேர்மை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதற்கு உன் மகள் சொல்லியிருக்கிறாள்: "என் அம்மா சட்டை ஆலையில் வேலை செய்கிறார். உடைந்த ஊசியின் முனை காணவில்லை என்பதற்காக, மடித்துக் கட்டிய நானூறு சட்டைகளையும் பிரித்துத் தேட வைத்தவர் அவர். நான் அவருடைய பெண்."

மூன்று வரி. மூன்றிலும் நான் இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை என் வீட்டில் வளர்ந்தவள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, என்னோடு போர்வையின் நான்கு மூலையைப் பிடித்து மடிக்கக் கற்றவள். மடிப்பதைத்தானே இன்றைக்குப் படையில் வேலையாகச் செய்கிறாள்?

துணி அறையில் ஒருத்தி படித்துவிட்டு, "அக்கா, இதுல வர்ற அம்மா நீங்கதானே?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி பாராட்டு விழாவாமே. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அனுமதியாமே. "அம்மான்னு எழுதிக் குடுத்துட்டேன் பெரியம்மா, கோபமில்லையே?" என்றாள். எனக்கென்ன கோபம்! எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். சொல்லிவிட்டேன். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போ, அங்கே ரொம்ப நேரம் நிற்க வைப்பார்கள்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் நலம். முட்டி வலி மட்டும். நீ?

வயிறு எரிகிறதென்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டாய். உன்னால் முடிகிறது. எனக்குப் பதினேழு வருஷமாக எரிகிறது, நான் யாரிடம் போய்ச் சொல்ல? அவளுடைய பால் பல் விழுந்ததெல்லாம் உன் வீட்டில். லீவுக்கு நான் வரும்போதெல்லாம் அவள் உன் பின்னால் ஒளிந்துகொள்வாள். "அம்மாடி, அம்மா வந்திருக்காங்க பாரு" என்று நீ அவளை முன்னால் தள்ளுவாய். உன் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருக்கும். அதை நீ கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவள் முதலில் கூப்பிடுவது உன்னைத்தான். பத்து மணிக்கு நான் முயற்சி செய்தால் அவள் லைன் பிசி. பத்தே முக்காலுக்கு எனக்குக் கூப்பிட்டு, "அம்மா, எல்லாம் பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன், திரும்பச் சொல்ல அலுப்பா இருக்கு" என்கிறாள். மிச்சம் மீதிதான் எனக்கு. பதினாறு வயதில் அவளை அழைத்துவந்தேனே, அதோடுதானே நீ என்னோடு பேச்சை நிறுத்தினாய், வந்த முதல் நாளே என் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கலைத்து மறுபடி மடித்தாள். "பெரியம்மா இப்படித்தான் மடிப்பாங்க." என் வீடு, என் துணி, உன் மடிப்பு.

அப்படி இருக்கும்போது, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பத்தியில் என் பேர் வந்தால் உனக்குப் பொறுக்கவில்லையா? எங்கள் ஆலையில் (பழைய ஆட்கள் இப்போது யாரும் இல்லை) அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் நானே அந்தப் பலகைப் பக்கம் போய்வருகிறேன், வேறெதையோ பார்க்கிற மாதிரி.

அந்தச் சட்டைக் கதையை அவளிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. என்னமோ, என்னிடமிருந்தும் ஒன்று அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது போதும் எனக்கு.

உன் தங்கை

மார்ச் 19

தங்கச்சிக்கு,

நலமா? கேட்டுவிட்டேன்.

நினைவில்லையாம்! நீ பூசி மெழுகுவதைப் பார்த்தால் உண்மையிலேயே மறந்துவிட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்கு நினைவிருக்கிறது. நினைவு எதற்கு, உன் கைப்பட எழுதிய கடிதமே என் பீரோவில் இருக்கிறது. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தையது. எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"அக்கா, நேற்று என் மெஷினில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. எல்லாத் துண்டையும் கண்டுபிடித்து அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டிய சட்டையெல்லாம் பிரிக்க வேண்டும், நேரம் போனதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பயந்துவிட்டேன். டப்பாவில் கிடந்த பழைய முனை ஒன்றை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நிஜ முனை ஒரு காலரில் அகப்பட்டுவிட்டது. கடைசி மேஜையில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே. சிட்டுவிடம் சொல்லவே சொல்லாதே."

நான் சொல்லவில்லை. ஆனால் நான் இதைப் படிக்கும்போது அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது. என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அம்மா என்ன எழுதியிருக்காங்க பெரியம்மா? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்: "உங்கம்மா ஊசி முனை காணோம்னு நானூறு சட்டையையும் பிரிக்க வச்சுட்டாளாம்டி! மேஸ்திரி குதிகுதின்னு குதிச்சாராம், இவ அசையலையாம்!"

அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கதை வேண்டும். நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முனை கிடைத்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது சட்டையில் என்றேன். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். அதையும் உனக்காகச் சொன்னேன்.

அவளைப் பெற்றவள் நீ. அவளுக்கு ஒரு அம்மாவைப் பெற்றுக் கொடுத்தது நான். இன்றைக்கு அந்த அம்மா ஏழாம் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள், நான் இங்கே ஆஸ்பத்திரிப் போர்வை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நானே உண்டாக்கியவளைப் பார்த்து நானே பொறாமைப்படுகிறேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

சிட்டுவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். மடித்து உறைக்குள் போட்டாகிவிட்டது. தபால்தலை மட்டும் ஒட்டவில்லை.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

அனுப்பாதே. உன் காலில் விழுகிறேன், அனுப்பாதே.

மறக்கவில்லை. எப்படி மறப்பேன்? வேலை போனவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் மெஷினைத் தாண்டித்தான் வெளியே போனாள். நான் தலையைத் தூக்கவில்லை. ஒரு சட்டையின் கைப்பட்டியைத் தைத்துக்கொண்டே இருந்தேன், தைத்த இடத்திலேயே மூன்று தடவை தைத்தேன். அவளுக்கும் ஒரு குழந்தை இருந்தது. எனக்கு இருந்த மாதிரியே.

இதழைப் படித்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ வேறு ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். "நான் அவருடைய பெண்" என்ற வரியைப் படித்ததும், சரி, அந்த ஒருத்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேனே என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான் அக்கா நடந்தது. கேட்காமல் கிடைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நீயும் ஒன்றுக்குப் பதில் சொல். என்னை அவ்வளவு பெரியவளாக ஆக்கியது அவளுக்காகவா, உனக்காகவா? ஒரு தடவை லீவில் வந்தபோது, "அம்மா, நீ இல்லாம அங்க ஆலையே ஓடாதாமே, அதனாலதான் உன்னால எங்கூட இருக்க முடியலையாமே" என்று அவள் என்னிடம் கேட்டாள். அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதானே? தூரத்தில் இருக்கிற அம்மா ரொம்பப் பெரிய மனுஷி. அவளைத் திரும்பக் கூப்பிட யாருக்கு மனம் வரும்? குழந்தை உன்னிடமே இருக்கும். உனக்குச் சௌகரியமான பொய்தான் அது.

அவள் இருமினால்கூட உன்னைப் போல இருமுகிறாள். எல்லாம் உன்னிடம் இருக்கிறது. விழா முடியும்வரை இதை மட்டும் என்னிடம் விட்டுவை. அதன் பிறகு எந்தத் தபால்தலையை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்.

உன் தங்கை

மார்ச் 31

தங்கச்சிக்கு,

நீ எழுதியதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கேட்காதே.

சிட்டுவுக்கு எழுதியதை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை.

உன் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் பொருள், நீயே வைத்துக்கொள். பதின்மூன்று வருஷம் என் பீரோவில் வைத்துக் காத்தாகிவிட்டது. இது கையில் இருந்தால் எனக்குக் கெட்ட கெட்ட யோசனையாக வருகிறது.

விழாவில் அவள் பேர் கூப்பிடும்போது அழாதே. அவளுக்குப் பிடிக்காது.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அழவில்லை. அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

பெரிய கூடம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு அட்டை. என் நாற்காலியில் "தாயார்" என்று இருந்தது. செருப்பு விஷயத்தில் நீ சொன்னது சரி. சிட்டு மேடையோரம் விறைப்பாக நின்றாள். அவள் பேரைச் சொன்னதும் பூட்ஸ் சத்தத்தோடு நடந்து வந்தாள் பார். இது என் பெண்ணா என்று இருந்தது. உன்னை நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் உன்னைத்தான் நினைத்தேன், நீ இங்கே இல்லையே என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பதக்கம் குத்தி முடித்ததும் படைத் தலைவர் மைக்கில், "இந்தப் பெண்ணை உருவாக்கிய அம்மா இங்கதான் இருக்காங்க. அந்த நானூறு சட்டைக் கதையை அவங்க வாயாலேயே கேட்போம்" என்றுவிட்டார். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கைதட்டிக்கொண்டே என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். முதல் வரிசையில் அந்தப் பல் தெரியச் சிரிக்கிற பையன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள் அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் பைக்குள் நீ அனுப்பிய கடிதம் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வரப் பயமாக இருந்ததால் எடுத்துவந்திருந்தேன்.

"நான் அப்படிச் செய்யல" என்றேன். மைக் கொஞ்சம் கீச்சென்றது. "ஊசி உடைஞ்சது நிஜம். முனை கிடைக்கல. நான் யாரையும் சட்டையைப் பிரிக்கச் சொல்லல. வேற முனையை ஒட்டிக் காட்டிட்டேன். எனக்குப் பதிலா இன்னொருத்திக்கு வேலை போச்சு. அந்தக் கதையை என் பொண்ணுக்குச் சொன்னது எங்க அக்கா. என்னைப் பத்தி என் பொண்ணு தப்பா நினைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இவளை வளர்த்தது அவங்கதான். இந்த நாற்காலியில அவங்கதான் உட்கார்ந்திருக்கணும்."

சிட்டு அசையவில்லை, அசையக் கூடாதே. காது மட்டும் சிவந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் காது சிவக்கும் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். பின்வரிசையில் யாரோ ஒரு வயதான பயிற்சியாளர் கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும். எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும்போது படி தடுக்கியது.

வெளியே வந்து அவள் கை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நான் இரண்டு கேள்விக்குத் தயாராக இருந்தேன், அவள் மூன்றாவதைக் கேட்டாள்: "அந்த ஆன்ட்டி இப்ப எங்க இருக்காங்க?" தெரியாது என்றேன். "தேடிக் கண்டுபிடிக்கலாம். நீங்களும் வரணும்" என்றாள். எப்போதும் என்னை 'நீ' என்பவள், 'நீங்கள்' என்றாள். அது சுட்டது.

பஸ்ஸில் மூன்று மணி நேரமும் அந்தக் கடிதத்தையே பிரித்துப் பிரித்துப் படித்தாள். இறங்குகிற நேரத்துக்குத் திடீரென்று, "பெரியம்மா பொய் சொன்னாங்களா? பெரியம்மாவா?" என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அழுகையும் கலந்திருந்தது. வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த போர்வையை எடுத்து இரண்டு மூலையை என்னிடம் நீட்டினாள். "இழுத்துப் பிடிம்மா, தொங்குது பாரு." அவளுக்கு மறுபடி 'நீ' ஆகிவிட்டேன். என் பெண்ணோடு நான் மடித்த முதல் போர்வை அது.

பத்து நாள் லீவில் இருக்கிறாள். அந்தப் பெண்ணின் பழைய விலாசம் ஆலையில் கிடைத்திருக்கிறது. நாளை போகிறோம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறோம்.

உன் தங்கை

ஏப்ரல் 17

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்துவிட்டு டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

அங்கேயும் கைதட்டு உனக்குத்தானா? இல்லாததையெல்லாம் நான் சேர்த்துச் சேர்த்து உன்னை ஒரு தைரியசாலியாகக் கட்டினேன். நீ ஒரு மேடையில் ஏறி, ஐந்து நிமிஷத்தில், அதை நிஜமாக்கிவிட்டு வந்துவிட்டாய். இப்போது நீ உண்மை பேசியவள், நான் பொய் சொன்னவள். என் எரிச்சலுக்கு ஒரு அளவே இல்லை. அந்தப் போர்வை விஷயத்தை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அது எங்கள் இரண்டு பேருடையது.

நேற்று சிட்டு போன் செய்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்ததையும், உன்னை அவள் வாசலிலேயே நிற்கவைத்து ஒரு மணி நேரம் திட்டியதையும், நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டதையும் சொன்னாள். "அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே நின்னாங்க பெரியம்மா" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. நான் கதை சொல்லும்போது ஒன்பது வயதில் இருந்த அதே பெருமை. இந்தத் தடவை அதில் என் கை ஒன்றும் இல்லை. அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் என்னிடம் கேட்டாள்: "நீங்க வேற எதுவும் பொய் சொல்லியிருக்கீங்களா பெரியம்மா?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டேன்.

முதல் கடிதத்தில் ஒன்று எழுதியிருந்தேன், நீ கவனித்தாயோ என்னமோ. துணி அறையில் ஒருத்தி, "இதுல வர்ற அம்மா நீங்கதானே?" என்று கேட்டாள் என்று. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தேன். ஒன்றரை மாதமாக அங்கே எல்லாருக்கும் சிட்டுவின் அம்மா நான். சட்டை ஆலையில் வேலை பார்த்தவள் நான். ஊசி முனைக்காக நானூறு சட்டை பிரித்ததும் நான். ஒருத்தி தன் பெண்ணை அழைத்துவந்து ஆசீர்வாதம்கூட வாங்கிக்கொண்டு போனாள்.

இன்று காலை வேலை ஆரம்பிக்கும் முன்பு எல்லாரையும் மேஜைப் பக்கம் கூப்பிட்டேன். "அந்த அம்மா நான் இல்ல. அவ என் தங்கச்சி. நான் பெரியம்மா" என்றேன். மைக் இல்லை, மேடை இல்லை. கைதட்டவும் யாரும் இல்லை. அப்புறம் ஒருத்தி, "சரிக்கா, மேல் மாடிப் போர்வை எண்ணியாச்சா?" என்று கேட்டாள். எண்ணப் போனேன்.

சிட்டுவுக்கு எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மடிக்க வேண்டியது நிறையச் சேர்ந்திருக்கிறது, மூன்று பேருக்கும் வேலை இருக்கும். அவள் இந்தப் பக்க மூலையை என்னோடுதான் பிடிப்பாள், முன்னாடியே சொல்லிவிட்டேன்.

அக்கா